எட்டடிக் குளியலறை

ஜெயக்கொடிக்கு ஒரே ஆசைதான். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் இருபது வருஷம் சம்மணம் போட்டே வியாபாரம் பார்த்த இடுப்பு அது. வெந்நீர்த் தொட்டியில் கொஞ்ச நேரம் காலை நீட்டிக் கிடக்க வேண்டும். பரவையில் புதுவீடு கட்டும்போது புருஷன் அருள்பாண்டியிடம் சொன்னாள், அவரும் பாத்டப்புக்குச் சரியென்றார். வீட்டை எஞ்சினியரிடம் விடுவோம் என்றபோதுதான் அவள் மறித்தாள்.

"ஏந் தம்பி கட்டட்டும். வேலையில தப்பு வந்தாலும் மறைக்க மாட்டான், வந்து சொல்லிருவான்."

அந்தத் தம்பிதான் கொத்தனார் பாண்டிராஜ். அக்காவின் வார்த்தை இப்போது அவன் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஏனென்றால் அவன் மறைத்திருந்தான்.

பாவத்தில் பாதி மச்சானுக்கும் உண்டு. குளியலறைக்குக்கூட மனையடி பார்த்த மனுஷன் அவர். ஏழடி ஆகாது, எட்டடிதான் ஆகும் என்று சட்டைப்பையில் இஞ்ச் டேப்போடு அலைந்தார். பூச்சு முடிந்த அன்று இடுப்பு உயரத்தில் டேப்பைப் பிடித்து, ஒட்டப்போகும் டைல்ஸ் கனத்தையும் கழித்துப் பார்த்தார். எட்டடிக்கு அரை அங்குலம் குறைந்தது. முகம் சுண்டிவிட்டது. டேப் பட்ட உயரத்திலிருந்து கீழே பூச்சைச் செதுக்கி, மேலே போகப் போகத் தேய்த்துச் சமாளித்து, அதன் மேல் டைல்ஸையும் ஒட்டிவிட்டான் பாண்டிராஜ். எட்டடி வந்தது. மச்சான் சூடம் காட்டாத குறைதான். சுவர் மட்டும் தலையை உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது. டைல்ஸ் பளபளப்பில் அது யார் கண்ணுக்கும் படவில்லை.

இன்றைக்குத் தொட்டியைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைக்கிறார்கள். அது அந்தச் சுவரை ஒட்டித்தான் நிற்க வேண்டும்.

கண்ணாடி மாட்ட வந்தவள் நாகஜோதி. முப்பது வயதிருக்கும், காதிடுக்கில் பென்சில். வண்டியிலிருந்து இறக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"பாத்துப் புடிங்கண்ணே. சூடேத்தி இறுக்குன கண்ணாடி. இனிமே ஒரு நூல்கூட வெட்ட முடியாது. வெட்டுனா அம்புட்டும் பொடிப்பொடியாப் போயிரும்."

நேராக வெட்டிய கண்ணாடி சாய்ந்த சுவரில் எப்படி ஒட்டும் என்று கணக்குப் போட்டபடியே பாண்டிராஜ் ஒரு முனையைப் பிடித்தான்.

அவள் தொட்டி விளிம்பில் ஏறி, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க அதன் உச்சியிலிருந்து நூலில் தூக்குக்குண்டை விட்டாள். குண்டு ஆடி அடங்கி, சுவரை விட்டு அரை அங்குலம் விலகி நின்றது.

"என்னம்மா, செவரு எப்படி? நம்ம மாப்ள கட்டுனது" என்றார் அருள்பாண்டி.

நாகஜோதி குண்டைப் பார்த்தாள். பாண்டிராஜின் சிமெண்டு தின்ற விரல்களைப் பார்த்தாள்.

"ஒரு டீ கிடைக்குமாண்ணே?"

மச்சான் டீ சொல்லப் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "டேப்ப எந்த ஒசரத்துல புடிச்சாக?"

பாண்டிராஜ் வாசலைப் பார்த்துக்கொண்டே, "இடுப்புல" என்றான்.

"எல்லா வீட்லயும் இடுப்புலதான் புடிக்கிறாக. கவலப்படாதீங்க."

கண்ணாடியை வெட்ட முடியாது, சுவரை உடைக்கவும் முடியாது. இரண்டுக்கும் நடுவே நிற்கிற அலுமினியப் பட்டையைத்தான் அவள் வழிக்குக் கொண்டுவந்தாள். பட்டையைத் தூக்கு பார்த்து நேராக நிறுத்தினாள். பென்சிலை ஒரு சின்னக் கட்டையோடு சேர்த்துப் பிடித்து, கட்டை சுவரை உரச உரச மேலிருந்து கீழே இழுத்தாள். சுவரின் சாய்வு பட்டையில் கோடாக விழுந்தது. அந்தக் கோட்டிலேயே அறுத்து, அரம் போட்டு, வைத்துப் பார்த்து, எடுத்து மறுபடி அரம் போட்டாள். நாலாவது தடவை பட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டது. இடையில் தபால் அட்டைகூட நுழையாது. ஒரு தடவைகூட அவசரப்படவில்லை அவள். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ ஆசாரிகளோடும் பிளம்பர்களோடும் வேலை பார்த்தவன் பாண்டிராஜ்; இப்படி ஒரு கையை அவன் பார்த்ததில்லை. தன் பயத்தைக்கூட மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கண்ணாடி ஏறியது. விளிம்பெல்லாம் சிலிக்கான் பூசினாள். கடைசியாகத் தடுப்பின் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து கையை எடுத்தாள். விட்ட இடத்திலேயே நின்றது கதவு.

டீயோடு அக்காவும் மச்சானும் வந்தார்கள். அருள்பாண்டி கதவை இழுத்தும் தள்ளியும் பார்த்துப் பூரித்துப் போனார்.

"மாப்ள, செவரு நேரா இருக்கப் போயித்தான் கண்ணாடி இப்படி நிக்குது. அக்கா சொன்னது சரிதான்."

நாகஜோதி தலை நிமிராமல் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்தாள். அவள் சொல்ல மாட்டாள். பாண்டிராஜும் வாயை மூடிக்கொண்டால் விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் அந்த வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதற்குரிய பேரைத் தான் வாங்கிக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை.

"மச்சான், செவரு சாஞ்சுருக்கு. எட்டடி வரணும்னு நாந்தேன் செதுக்குனேன். சாஞ்ச செவத்துல நேரா நிக்க வச்சது இந்தப் பிள்ளை."

அருள்பாண்டி சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து நாகஜோதியிடம் நீட்டினார்.

"நீயே வச்சுக்கம்மா. எங்கிட்ட இருந்தா மத்த ரூமையும் கெடுத்துருவேன்."

ஜெயக்கொடி தம்பியையே பார்த்தபடி வெந்நீர்க் குழாயில் கை வைத்தாள்.

"சிலிக்கான் காயணும்க்கா. நாளைக்குத்தான் தண்ணி விடணும்" என்றாள் நாகஜோதி.

ஜெயக்கொடி கேட்டாளா? சேலையோடு வெறுந்தொட்டிக்குள் இறங்கி, சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டினாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

"வந்து சொல்லிட்டான்ல."