கல் வைக்காத சக்கரம்

"பெட்டி போக வழி வேணும். யாராச்சும் அந்தக் காரை முன்னால எடுங்கப்பா!" என்று தேயிலைத் தோட்ட லயத்து வாசலில் நின்று யாரோ கத்தினார்.

காரின் பின்சக்கரமோ கழன்று கிடந்தது. கருகின வாடை அடிக்கிற வண்டியைச் சரிவில் விட மாட்டேன் என்று கராஜ்காரர் இத்ரூஸ் நானா ஜாக்கி வைத்து, பிரேக் டிரம்மை உருவிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று அந்தக் காரை நடுவழியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தவரும் அவர்தான்.

விதுஷா வீட்டுக்குள் போனாள். பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி வந்தாள். இது நாலாவது முறை.

"ஹேண்ட் பிரேக் கேபிள் புதுசா ஈக்குதே. யாரு போட்டது?"

"நான்தான் நானா. முந்தாநாள். அப்பா குனிஞ்சா மூச்சு வாங்குதுன்னு டோர்ச் மட்டும் புடிச்சாரு."

"எங்கட கராஜ் பொடியன்மாரு ரெண்டு தரம் கழட்டிப் பூட்டுவானுகள். நீ நல்லாத்தான் போட்டீக்கிறாய். பொறகு ஏன் பிரேக் சூ ரெண்டும் கருகிச்சு?"

அவள் பார்வை காருக்குள் இருந்த லீவருக்குப் போனது.

ஏழு வருடமாக அந்த ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. லீவரை இழுத்தால் மேலே நிற்கும், சக்கரத்தைப் பிடிக்காது. நிறுத்தினால் பின்சக்கரத்துக்கு ஒரு கல், கிளம்பினால் கல்லை எடுக்க வேண்டும். லீவரை இறக்கும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. கேபிள் மாட்டிய அன்று அப்பா கந்தப்பன் சரிவில் கல் இல்லாமல் காரை நிறுத்தி, "அண்ணன் வரட்டும், கல்லத் தேடுவான் பாரு. அதுவரைக்கும் சொல்லாத" என்று சிரித்தார்.

மொனராகலையில் கடை வேலை செய்யும் அண்ணன் நிமலன் நேற்றுக் காலை வந்து இறங்கினான். பதினொரு மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அம்மா மலையில் கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். காரில் ஏறிய நிமலன், "கல்ல எடுத்திட்டியாடி?" என்று கத்தினான். அப்பாவின் தலை அவள் மடியில் இருந்தது.

"கல்லு இல்லண்ணே, எடு, எடு!"

அவ்வளவுதான் சொன்னாள்.

ஏற்றத்தில் கார் முக்கியது. பின்னால் புகை வந்தது. நின்றே விட்டது. நிமலன் வழியில் வந்த ஆட்டோவை மறித்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போனான். பதுளை ஆஸ்பத்திரி வாசலோடு எல்லாம் முடிந்தது. காரோடு தனியே நின்ற விதுஷா உள்ளே எட்டிப் பார்த்தாள். லீவர் மேலேயே நின்றது. பிரேக் பிடித்தபடியேதான் வண்டி ஏறியிருக்கிறது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதை இறக்கினாள்.

"நானா..." அவள் அவர் பக்கத்தில் குந்தினாள். "லீவர் மேல இருந்துச்சு. நான்தான் எறக்கி வச்சேன். பிரேக் வேல செய்யுதுன்னு அண்ணன்கிட்ட சொல்லவே இல்ல நான்."

இத்ரூஸ் நானாவின் கையிலிருந்த துணி அசையாமல் நின்றது. "வேற ஆருக்கும் தெரியுமா?"

"இல்ல. அண்ணனுக்குத் தெரிஞ்சா அது தாங்காது நானா."

தப்பு மேளச் சத்தம் ஏறியது. நிமலன் ஈர வேட்டியோடு வந்து நின்றான்.

"என்னவாம் நானா? ஏன் நின்னுச்சாம்?"

நானா அவளைப் பார்த்தார்.

"நான் கேபிள் மாத்துனேண்ணே. நட்டக் கூடுதலா முறுக்கிட்டேன். அதான் புடிச்சிருச்சு."

"நீயா?" கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. "எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டிருக்கலாம்லடி. ஒனக்கு எதுக்குடி இந்த வேல?"

நானா டிரம்மைப் போட்டு, சக்கரத்தைப் பூட்டி, ஜாக்கியை இறக்கினார்.

நிமலனே ஏறி உட்கார்ந்தான். கார் பத்தடி முன்னால் போய்ச் சரிவில் நின்றது. எப்போதும் மேலேயே நிற்கிற லீவர் கீழே கிடந்தது; பழக்கத்தில் அவன் கை அதை மேலே இழுத்தது. பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுத்தான்.

கல் இல்லை. ஆனாலும் கார் நகரவில்லை.

பின்கண்ணாடி வழியே அவனுடைய வெற்று முதுகு தெரிந்தது. லீவரைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டி வாசலைத் தாண்டியது. "மூத்தவன் எங்கப்பா? முன்னுக்கு வரச் சொல்லுங்க!"

விதுஷா ஓடினாள். வடிகானோரம் கிடந்த பழைய கல்லை இரு கையாலும் தூக்கி வந்து, அசையாமல் நின்ற பின்சக்கரத்துக்கு எப்போதும் போல அண்டை கொடுத்தாள்.