குலுங்காமல் வந்தவர்கள்

ஒத்தப்பாறைக்கு ஒருவர் வந்து சேர்ந்தார் என்றால், மலைப்பாதை அவரைக் குலுக்கி முடித்துவிட்டது என்று பொருள். குலுங்காதவர் வரவில்லை. ஆள் கண்ணெதிரே நின்றாலும் வரவில்லைதான். முன்பு ஒரு பெரிய அதிகாரி ஹெலிகாப்டரில் இறங்கி, மரக்கன்று நட்டு, மைக்கில் பேசி, இளநீரும் குடித்துவிட்டுப் போனார். பாவம், அவர் இன்னும் வந்தபாடில்லை. ஜீப் நிற்கும் இடத்தில் ஊர்க்காரர்கள் முறை வைத்து மாலையோடு காத்திருக்கிறார்கள். பூ வாடினால் மாற்றிவிடுவார்கள்.

ஜீப் ஓட்டும் ஒச்சப்பனுக்கு இது தெரியாதா என்ன? பிறந்ததே அந்த ஊரில்தான். ஆனால் அவன் மனைவி ரஞ்சிதம் போடியில் தாய்வீட்டில் இருந்து பெண் குழந்தை பெற்றிருந்தாள். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. தையல் ஆறும்வரை உடம்பு அலுங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரஞ்சிதமோ வீட்டுக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒச்சப்பனுக்கும் பிள்ளையைப் பிரிந்து இருப்பு கொள்ளவில்லை.

ஜீப்பைக் கொண்டுபோய் காஜா மைதீன் பட்டறையில் விட்டான். பின்பக்கத்துப் பழைய ஆக்சிலையும் அதன்மேல் வில்லாக வளைத்து அடுக்கியிருந்த கமான் பட்டைகளையும் கழற்றிவிட்டு, உடைத்துப் போட்ட வேறொரு வண்டியின் ஆக்சிலைச் சுருள் ஸ்பிரிங்கோடு மாட்டச் சொன்னான். பாய் வண்டியின் அடிச்சட்டத்தில் புதுத் தாங்கிகளை வெல்டிங் வைத்தார். ஆக்சில் முன்னே பின்னே நகராமல் இழுத்துப் பிடிக்கத் தடித்த கம்பிகளைப் போட்டார்.

"பட்டை தாங்கவும் செய்யும், பிடிக்கவும் செய்யும் மாப்ள. சுருள் தாங்க மட்டுந்தான் செய்யும். அதான் பிடிக்கிறதுக்குத் தனியாக் கம்பி" என்றவர், பின்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். மெத்தை மாதிரி இறங்கி ஏறியது. "அது சரி, பிள்ளை ஊர் வந்து சேர வேணாமா?" என்று கேட்டார்.

ஒச்சப்பன் அதையும் யோசித்து வைத்திருந்தான். வயிற்றுப் பிள்ளையோடு ரஞ்சிதம் மலை இறங்கியபோது இரண்டு பேரும் நன்றாகக் குலுங்கியிருக்கிறார்கள். அதே பாதை, அதே பள்ளம். அதை இதில் கழித்துக்கொள்ள வேண்டியதுதானே. பாய் தாடியைச் சொறிந்துகொண்டு, நியாயமாகத்தான் தெரிகிறது என்றார்.

ஜீப் மலை ஏறியது. ஆளைத் தூக்கிக் கூரையில் மோதவிடும் கழுதைமுக்குப் பள்ளத்தில் குழந்தை ஒரு கொட்டாவி விட்டது, அவ்வளவுதான். ஊரில் ஒச்சப்பனின் அக்கா மாயக்காள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவர்கள் இறங்கிப் பக்கத்தில் வந்ததும், கொஞ்சம் விலகி நின்று பாதையை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, வந்துட்டோம்ல" என்றான் ஒச்சப்பன்.

மாயக்காள் குனிந்து ஜீப்பின் அடியில் பார்த்தாள். "சுருளு போட்டியா?"

"ஆமா."

"அப்புறம் எப்படிடா வந்திருப்பீங்க?"

அவன் தன் கணக்கைச் சொன்னான். அது ஊரை விட்டு இறங்கிப் போன குலுக்கல், அதை வைத்து யாரும் வர முடியாது, வேண்டுமானால் இன்னொரு தடவை போகலாம் என்று அவள் விளக்கினாள். ஒச்சப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று பேரும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

சாயங்காலம் குழந்தை வீறிட்டு அழுதது. கழுதைமுக்கைத் தாண்டிவிட்டார்கள் போலிருக்கிறது, சத்தம் கேட்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பாதைக்கு ஓடினார்கள். மாயக்காள் ஆரத்தித் தட்டைக் கீழே வைக்கவில்லை. பிள்ளைக்குப் போட வாங்கிய வசம்பு வளையலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். இருட்டியதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சன்னல் வழியே பார்த்த ஒச்சப்பனுக்கு நெஞ்சு தாங்கவில்லை. நாம் செய்த கோளாறு, நாம்தான் சரி செய்ய வேண்டும் என்று முடிவு செய்தான்.

விடிந்ததும் போடிக்கு இறங்கினான். காஜா மைதீன் சுருளைக் கழற்றிப் பழைய ஆக்சிலையும் பட்டைகளையும் ஏற்றிக் கொடுத்தார். கோயிலில் ஒருவர் பெயருக்கு இன்னொருவர் அர்ச்சனை செய்வதில்லையா? அது போலத்தான், குழந்தைக்காக அவன் தனியாக மலை ஏறினான். முதல் பள்ளத்தில் ஒச்சப்பன் குழந்தையின் நட்சத்திரத்தைச் சொன்னான். பெயர் இன்னும் வைக்கவில்லை. பாதை அவனை எலும்பு எலும்பாகக் குலுக்கியது.

"என் தங்கம் வந்துருச்சு! அத்தையப் பாரு" என்று மாயக்காள் அவனுக்கு ஆரத்தி சுற்றினாள். மீசைக்கு மேலே கன்னத்தில் மைப்பொட்டு வைத்தாள். வளையல் அவன் கைக்கு ஏறவில்லை. வீட்டுக்குள் ஓடி, குழந்தையின் கையில் போட்டு, வாரி எடுத்து முத்தம் கொடுத்தாள். ஊரே வந்து எட்டிப் பார்த்தது.

ஒச்சப்பன் மறுபடி இறங்கி, ரஞ்சிதத்தின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி ஏறினான். பெண்கள் அவனுக்குக் குங்குமம் வைத்துப் பூ கொடுத்தார்கள். உடம்பு தேவலையா என்று மாயக்காள் கேட்டாள்.

"தையல்தான் கொஞ்சம் இழுக்குது மதினி" என்றான் ஒச்சப்பன். உண்மையாகவே இழுத்தது.

மூன்றாம் தடவை தனக்காக ஏறினான். அதற்குள் அதிகாரிக்குக் காத்திருந்த மாலைக்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். ஒருவருக்காக இன்னொருவர் வரலாம் என்பது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. ஜீப் நின்றதும் மாலை அவன் கழுத்தில் விழுந்தது.

"எத்தனை வருசமாக் காத்துக்கிட்டிருக்கோம் ஐயா" என்றார் மூத்தவர்.

இவ்வளவு காலம் நின்றவர்களிடம் எப்படி இல்லை என்பது? ஒச்சப்பன் இளநீரை வாங்கிக் குடித்தான். மைக்கைக் கொடுத்தார்கள். அதிகாரி என்றால் என்ன பேசுவார்? பாதைக்குத் தார் போட்டுத் தருகிறோம் என்று பேசினான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நம் பெயருக்கு நாளைக்கு ஏறிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை அடிவாரத்தில் தார் லாரிகள் நின்றன. சொன்ன சொல் தவறாத அதிகாரி என்று ஊர் மெச்சியது. ஒச்சப்பன் தன் பெயருக்கு ஏறுவதற்குள் கழுதைமுக்கை நிரவிவிட்டார்கள். பாதை வழவழவென்று ஆகிவிட்டது. அதன் பிறகு ஒத்தப்பாறைக்கு யாரும் வரவில்லை.

ரஞ்சிதம் தினமும் ஒச்சப்பனுக்குச் சோறு போட்டு மூடி வைக்கிறாள். அப்பா வந்துருவாருடி என்று பிள்ளையிடம் சொல்கிறாள். பிள்ளையை மடியில் போட்டு ஆட்டியபடி ஒச்சப்பனும் பாதையைப் பார்க்கிறான். பசி பொறுக்காதபோது அந்தச் சோற்றை எடுத்துச் சாப்பிடுகிறான். பிறகு, வந்தால் வேண்டுமே என்று தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான்.