ஒரு வாரம் வாயைக் கட்டினால்

இறந்துகிடந்த புருஷன் தீர்த்தகிரியின் வலது பாதத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த கோவிந்தம்மாளின் கை சட்டென்று நின்றது. பெருவிரலுக்கு அடியில் ஒரு புண், காசு அகலத்துக்கு. எப்போதோ தைத்த முள்ளாக இருக்கும். நேற்றுக் காலைவரை இந்தக் காலோடுதான் மனுஷன் தக்காளிக்குத் தண்ணீர் கட்டினார். நொண்டவும் இல்லை, முனகவும் இல்லை.

பக்கத்தில் சொம்போடு குனிந்திருந்த பானுமதியும் பார்த்துவிட்டாள். வீடு வீடாக வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிற பெண் அவள்.

"சுகர் முத்துனா வலி தெரியாதுக்கா. காலும் சொல்லாது, நெஞ்சும் சொல்லாது. நேத்து வாய்வுன்னு சொல்லிட்டுத்தானே உக்காந்தாரு?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா என் மெஷின்ல அவருக்கு ஒருவாட்டிகூட ஏறுனதில்லீங்களே."

எப்படி ஏறும்? பானுமதி வருகிற வாரம் தெரிந்தால் போதும், ஆள் வாயைக் கட்டிவிடுவார். பாகற்காய், ராகிக் கூழ், முந்தின ராத்திரி பட்டினி. ஊசி குத்திவிட்டு அவள் தெருமுனை தாண்டியதும், "பாஸாயிட்டேன் புள்ள, வெல்லம் போட்டு டீ வெய்யி" என்பார். இவளும் சிரித்துக்கொண்டே வைத்தாள். பாவி, வைத்தே கொன்றுவிட்டோமோ என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. பயம்தான் வந்தது.

பொழுது சாய, சுடுகாட்டில் காரியம் முடித்துக் குளித்துவிட்டு மகன் பூவரசன் வந்தான். அடுப்பு மூட்டாத வீடு. பங்காளி வீட்டிலிருந்து வந்த சோற்றையும் புளிக்குழம்பையும் தட்டில் போட்டு வைத்தாள். அவன் தள்ளிவிட்டான்.

"வேணாம்மா. திங்கக்கெழம ஓசூர்ல கம்பெனி செக்கப். பத்து வருசமா கான்ட்ராக்ட்டு, இப்பத்தான் பர்மனன்ட் பண்றாங்க. சுகர் காட்டுச்சுன்னா வம்பு. அப்பா மாதிரி ஒரு வாரம் வாயைக் கட்டுனா சரியாப்போயிடும்."

சொல்லிவிட்டுச் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். குடத்தில் மறுபடியும் மொண்டான்.

கோவிந்தம்மாள் அந்தச் சொம்பையே பார்த்தாள். அவருக்கும் இதே தாகம்தான்.

எதிரில் உட்கார்ந்து அவன் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெருவிரலுக்கு அடியில் நகத்தால் அழுத்தினாள். அவன் சுவரில் மாலை போட்டிருந்த அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் அழுத்தினாள். நகம் பதிந்தது. காலை இழு சாமி, இழுத்துக்கோ என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

தற்செயலாகக் குனிந்து பார்த்த பிறகுதான் அவன் கேட்டான்.

"என்னம்மா பண்றே?"

 தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எப்பவும் தின்றாப்ல தின்னு. அப்படியே போயி ரத்தத்தைக் குடு."

"வேலை போயிடும்மா."

"போவட்டும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சோற்றைப் பிசைந்தான். அவன் தின்று முடிக்கும்வரை அவள் அந்தக் காலை விடவில்லை.