கெசியாவின் பெஞ்சு

களக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பின் மூன்றாவது பெஞ்சு ஆடி மாதம் வளர ஆரம்பித்தது. முதல் வாரம் நாளுக்கு அரை அடி. ஒரு முனையில் கெசியா உட்கார்ந்திருந்தாள். மறுமுனை சுவரில் முட்டியபோது கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த இடத்தை உடைத்துவிட்டார்கள். ஆவணியில் வேகம் கூடியது. மைதானத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டி, வாழைத்தோப்புகளுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் போய்விட்டது. கெசியாவிடம் நேராகப் போகவும் வழியில்லை. எந்தப் பக்கமாக நடந்தாலும் பெஞ்சின் நீளம் முழுவதும் நடந்தாக வேண்டும்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பா கிருபைராஜ் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர், எச்.ஐ.வி. முற்றி இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். அம்மா மார்கரெட்டுக்கும் அது இருந்தது. பாளையங்கோட்டைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்து, பீடி சுற்றிக்கொண்டு, திடமாகத்தான் இருந்தாள். ஆனி மாதம் ஊர்க்காரி ஒருத்தி, ஆஸ்பத்திரியில் மார்கரெட் எந்த வரிசையில் நிற்கிறாள் என்பதைப் பார்த்துவிட்டாள். ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்தது. பெஞ்சில் கெசியாவோடு உட்கார்ந்திருந்த மூன்று பேரும் பைகளை எடுத்துக்கொண்டு பைய நகர்ந்தார்கள். மறுநாள் பெஞ்சு வளர்ந்தது.

கெசியா அழவில்லை. பள்ளியில் பேச்சைக் குறைத்தாள், பிறகு நிறுத்தினாள். அம்மா மாத்திரையை விழுங்கிவிட்டாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகே பள்ளிக்குக் கிளம்பினாள். மத்தியானச் சோற்றைக் காக்கைக்குக் கொட்டினாள். அவளுக்குத் தனியாக நாற்காலி போட்டுவிடலாம் என்றார் தலைமையாசிரியர்.

"நாற்காலி மட்டும் வளராதா சார்?" என்று கேட்டார் வகுப்பாசிரியை ராஜராஜேஸ்வரி.

கடைசி வரிசை சாலோமி, சோறு கொட்டுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள். ஒரு மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பெஞ்சின் மறுமுனையிலிருந்து நடக்கத் தொடங்கினாள். அவள் நடக்க நடக்க முன்னால் பெஞ்சும் வளர்ந்தது. பாதி வழியில் மணி அடித்துவிட்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ராஜராஜேஸ்வரி டீச்சர் மணியடிக்கும் கட்டையைத் தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். இரண்டரை மணிக்குச் சாலோமி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

கெசியா இரண்டு மாதம் கழித்து வாயைத் திறந்தாள். "எனக்கு அந்த நோய் இல்லளா. டெஸ்ட் எடுத்தாச்சு."

"நான் கேட்டனா? தள்ளி உக்காருளா, காலு வலிக்கி."

புளிச்சோறு ஆறிப்போயிருந்தது. கெசியா நாலு வாய் தின்றாள். பிறகு அப்பா செத்த அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதாள். சாலோமி டப்பாவை நீட்டியபடியே இருந்தாள்.

மறுநாள் சாலோமியின் அம்மா சண்டைக்கு வந்தாள். டீச்சர் ஒரு நர்ஸை வரவழைத்தார். சேர்ந்து உட்கார்ந்தால் ஒட்டாது, சேர்ந்து தின்றால் ஒட்டாது என்று நர்ஸ் இரண்டு மணி நேரம் விளக்கினார். சாலோமியின் அம்மா முனகிக்கொண்டே போனாள். மறுநாளிலிருந்து சோறு கொஞ்சம் கூடுதலாக வந்தது. இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டன. கெசியா இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டைக்குப் போகிறாள். அவளைப் போன்ற பிள்ளைகள் அங்கே கூடுகிறார்கள். சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு அக்கா இருக்கிறாள். பெஞ்சைப் பற்றிச் சொன்னபோது அங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை. எத்தனை அடி என்று மட்டும் கேட்டார்கள்.

பெஞ்சு வளர்வது நின்றது; சுருங்கவில்லை. சாலையோரப் பகுதியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காருகிறார்கள். வகுப்புக்குள் இருக்கும் பகுதியில் இப்போது ஏழு பேர் உட்காருகிறார்கள்.

ஐப்பசியில் ஒரு பேனாவுக்காகச் சாலோமியும் கெசியாவும் முடியைப் பிடித்துச் சண்டை போட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். டீச்சர் கவலையோடு டேப் வைத்து அளந்து பார்த்தார். ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை. அது வெறும் சண்டைதான்.