நாள்கணக்கு நின்ற முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

ஹெட்லி பிக்கர்ஸ்கில்லுக்கு எழுபத்தொரு வயது. மாவட்ட மன்ற ஊழியர்களின் ஓய்வூதிய நிதிக்கு ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. அதற்கு அவர் தலைவர். கேட்டு வாங்கிய பதவியல்ல. வேறு யாரும் கை தூக்காததால் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஆறு வருடமாக அதைக் கழற்ற முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், இருநூறு பக்க அறிக்கை, ஆறிப்போன டீ, ஆளுக்கு இரண்டு பிஸ்கட்.

பணத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்க வேறொரு குழு இருக்கிறது. வேலையைச் செய்ய ஓர் அலுவலகம் இருக்கிறது. ஹெட்லியின் குழு ஒப்புக்குச் சப்பாணி. யாருக்கும் உத்தரவு போட முடியாது. எந்த அறிக்கை வந்தாலும் கடைசியில் எழுதுவது ஒரே வார்த்தை: ‘குறித்துக்கொள்ளப்பட்டது.’ கட்டிடம் தீப்பிடித்தாலும் நாங்கள் குறித்துக்கொள்வோம் என்று ஹெட்லியே வீட்டில் சொல்லிச் சலித்துக்கொள்வார்.

அந்த பிப்ரவரி வியாழக்கிழமை அவருக்கு முழங்கால் வலி. காலை ஒன்பதரைக்கு முதலீட்டு ஆலோசகர் பேசத் தொடங்கி மதியம்தான் ஓய்ந்தார். அறையின் ஹீட்டர் குறையவும் மாட்டேனென்கிறது, நிற்கவும் மாட்டேனென்கிறது. நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பொருளைத் தாண்டிவிட்டால் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அதற்கு மேல் அவருக்கு எந்த லட்சியமும் இல்லை.

ஏழாவது பொருள், ஓய்வூதிய அலுவலகத்தின் வேலை நிலவரம். அலுவலக மேலாளர் ஜனீன் படித்தாள். நாற்பத்தாறு வயதுக்கு அவள் முகத்தில் அறுபது வயதுக் களைப்பு இருந்தது. பத்துப் பேர் பார்க்க வேண்டிய வேலையை ஆறு பேரை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறவள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு விண்ணப்பங்களைக் கெடுவுக்குள் முடித்துவிட்டோம் என்றாள்.

“தலைவரே, ஒரு சந்தேகம்.”

தொழிற்சங்கத்தின் சார்பில் குழுவில் இருக்கும் பெவர்லி நோக்ஸ். பள்ளிச் சமையலறைகளில் கரண்டி பிடித்த கை. அவள் ‘தலைவரே’ என்றாலே ஹெட்லி நாலு மணி பஸ்ஸை மறந்துவிட வேண்டியதுதான். அந்த வார்த்தையில் அவள் வைக்கும் மரியாதை அப்படி.

“சொல்லும்மா.”

“லொரெயின் டாஸ்கர்னு ஒருத்தி. ஸ்கூல் சமையக்கட்டுல முப்பத்தோரு வருஷம். நுரையீரல் போச்சு. உடம்பு முடியல, ஓய்வு குடுங்கன்னு போன ஏப்ரல்ல எழுதிக் குடுத்தா. இப்ப பிப்ரவரி. அவ உங்க தொண்ணூத்தாறுல இருக்காளா, மிச்ச நாலுல இருக்காளா?”

ஜனீன் காகிதங்களைப் புரட்டினாள். “ரெண்டுலயும் இல்ல.”

“அப்ப எங்க இருக்கா? மேலயா? இன்னும் போகல. மூணாவது மாடியில இருக்கா, லிஃப்ட் கெடையாது. மேப்பிள்தார்ப்ல தங்கச்சி வீட்டுப் பக்கத்துல தரைத்தளத்துல ஒரு வீடு பாத்து வெச்சிருக்கா. ஓய்வூதியம் வருதுன்னு ஒரு கடுதாசி காட்டுனாத்தான் சாவி குடுப்பாங்களாம். மாசக் கடைசி வரைக்கும்தான் கெடு. அதுக்கப்புறம் அவ அந்தப் படியெல்லாம் இறங்குறது பெட்டிக்குள்ளதான்.”

ஜனீன் லொரெயினின் குறிப்பைத் தேடி எடுத்தாள்.

“பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் போடுற கம்பெனி ஒரு படிவம் அனுப்பணும், பெவர்லி. வெளியார் பதிலுக்குக் காத்திருக்கையில நாள்கணக்க நிறுத்திடுவோம். நின்னது அறிக்கையில வராது.”

“அப்படி எத்தனை பேரு நிக்கிறாங்க?”

“முந்நூத்திப் பன்னெண்டு.”

“நல்லாருக்கு. பாஸாகாதவன பரீட்சையே எழுதலன்னு சொல்லிட்டா எல்லாரும் பாஸ். இந்த ஏற்பாட்டக் கண்டுபிடிச்ச புண்ணியவான் யாரு?”

ஜனீன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ரொம்ப நாளா இருக்கிற வழக்கம். நான் சேர்றதுக்கு முன்னாடியே இருக்கு.”

அது பொய். ஹெட்லிக்குத் தெரியும். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஜனீன் இன்று உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அடுத்தவன் தாமதத்துக்கு என் அலுவலகப் பிள்ளைகள் ஏன் திட்டு வாங்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் அந்த விதியை எழுதினார். அதைத் தட்டச்சு செய்தவள், அவர் வேலைக்கு எடுத்த பத்தொன்பது வயதுப் பெண், இதே ஜனீன். பெவர்லியின் வாயில் தான் அகப்பட்டாலும் பரவாயில்லை, கிழவர் தப்பட்டும் என்று மென்று முழுங்குகிறாள். ஹெட்லிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, வீட்டுக்குப் போக வேண்டும் போல இருந்தது.

கூட்டக் குறிப்பு எழுதும் பெண் தலையைத் தூக்கினாள். “குறித்துக்கொள்ளப்பட்டதுன்னு போடட்டுமா?”

வழக்கமாக அவர் தலையாட்டும் இடம் இது. ஆட்டியிருந்தால் பஸ் கிடைத்திருக்கும்.

“வேண்டாம்மா. அந்த விதிய எழுதுனது நான். ஜனீன் இல்ல. அப்படியே எழுதிக்கோ.”

பெவர்லி தன் பிஸ்கட்டில் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள். ஆறு வருடத்தில் அவள் அப்படி நகர்த்தியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை ஹெட்லி அந்தச் சம்பளக் கம்பெனிக்குப் போனார். வரவேற்பில் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“எந்த அதிகாரத்துல கேக்கறீங்க?”

“அதிகாரம் ஒண்ணும் இல்ல. உக்காந்திருக்க நேரம் இருக்கு.”

உட்கார்ந்தார். பத்து மணி, பதினொன்று. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். பன்னிரண்டு மணிக்கு உள்ளேயிருந்து ஒருவர் வந்தார், சட்டையில் டீக் கறையோடு.

“உங்ககிட்ட எதையும் காட்ட முடியாதுங்க. ஆனா நாங்க அத அனுப்பியாச்சு. போன ஜூலையிலயே. கிடைச்சதுன்னு மன்றத்துக் கணினிலேருந்து தானா ஒரு பதில்கூட வந்திருக்கு. உங்க மேலாளர்கிட்டயே கேளுங்க.”

தெருவில் நின்றபடி ஜனீனுக்கு போன் போட்டார். விசைப்பலகை தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

“இருக்கு, ஹெட்லி. ஜூலை ஒம்பது. வந்து கோப்புல சேந்து கெடக்கு.”

“யாரும் பாக்கலையா?”

“கணக்கு நின்ன கோப்பு யாரோட அன்னாடப் பட்டியல்லயும் வராது. யாராவது திரும்ப ஓட விட்டாத்தான் வரும். பட்டியல்ல வந்தாத்தானே ஓட விடணும்னே தோணும்.”

ஹெட்லியின் காலத்தில் நின்ற கோப்புகள் ஜன்னலோரத்து அலமாரியில் இருந்தன. டீ போடப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். புதுத் தபால் எந்தக் கோப்பிலிருந்தாவது நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணில் படும். பிறகு எல்லாம் கணினிக்குப் போயிற்று. விதி மட்டும் எழுத்து மாறாமல் கூடவே போனது, அலமாரி போகவில்லை. நல்ல மனதோடு செய்த வேலை ஏழு மாதம் ஒருத்தியை மாடியிலேயே உட்கார வைத்துவிட்டது. மற்றவர்களை எத்தனை காலமோ.

ஜனீனும் ஆறு பேரும் சனி ஞாயிறு பார்க்கவில்லை. நின்ற கோப்புகள் அத்தனையையும் திறந்தார்கள். நாற்பத்தொன்றில் பதில் எப்போதோ வந்து சேர்ந்திருந்தது. ஹெட்லி ஓய்வூதிய நிதிகளுக்கான அரசு ஒழுங்குமுறை அதிகாரிக்குக் கடிதம் எழுதினார், சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லி, விதியை எழுதியவன் பெயரையும் போட்டு. தலைவர் என்று கையெழுத்துப் போடும்போது முதல் முறையாக அந்தப் பதவி கொஞ்சம் கனத்தது.

புதன்கிழமை லொரெயினுக்கு ஓய்வூதியம் முடிவாகி கடிதம் தயாரானது. தபாலில் போட மனமில்லாமல் அவரே எடுத்துக்கொண்டு போனார். மூன்று மாடி. இரண்டாவது மாடியில் ஐந்து நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்தவளின் மூக்கில் குழாய் இருந்தது. கடிதத்தைக் கண்ணருகே பிடித்து இரண்டு தடவை படித்தாள். உடனே தங்கைக்கு போன் போட்டு, அந்த வீட்டை விட்டுவிடாதே, கடிதம் வந்துவிட்டது என்று மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னாள். அப்புறம்தான் அவர் பக்கம் திரும்பினாள்.

“இவ்வளவு நாளா, படிவத்த நான்தான் எங்கயோ தப்பா நிரப்பிட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன். படிப்பு கம்மி பாருங்க. போன் பண்ணிக் கேட்டா கோச்சுக்கிட்டு இன்னும் தள்ளிப் போட்டுருவாங்களோன்னு பேசாம இருந்துட்டேன்.”

ஹெட்லி வாசற்படியிலேயே நின்றபடி சொன்னார்.

“நீங்க ஒரு எழுத்துகூடத் தப்பா எழுதலம்மா. தப்பா எழுதுனது நான். நின்ன கோப்ப யாரும் பாக்க வேண்டாம்ங்கிற மாதிரி ஒரு விதி. என்னோடது.”

கோபப்படவும் மூச்சு வேண்டும். அவளிடம் இருந்தது கொஞ்சம்தான். அதை வேறொன்றுக்குச் செலவழித்தாள்.

“அப்ப கீழ போறப்ப அந்தக் குப்பைப் பைய எடுத்துட்டுப் போங்க ராசா. பத்து நாளா இறக்க முடியல.”

கதவோரம் நான்கு பைகள் இருந்தன. ஒரு கையில் இரண்டாகத் தூக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடிக்க வழியில்லாமல், ஹெட்லி படியிறங்கத் தொடங்கினார்.