வெறுங்கிண்ணம்

வராந்தாவில் டாக்டரின் பூட்ஸ் சத்தம் கேட்டதும் முனியாயி தம்பியின் கடைவாயை அவசரமாகத் துடைத்து, நனைந்த துணியைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

“நாறுதாக்கா?” என்றான் வெள்ளைச்சாமி.

“நீ பேசாமப் படுப்பா.”

குடலிறக்கத்துக்கு அறுத்து அன்றைக்கு மூன்றாம் நாள். அறுவைக்குப் பின் வருகிற குமட்டலை நிறுத்தி, ஆளைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கும் என்று புதிதாக ஒரு மாத்திரை வந்திருந்தது. அது கேட்கிறதா என்று பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த இளம் டாக்டர். அறுப்பதற்கு முதல் நாள் வெள்ளைச்சாமியின் கட்டிலிலேயே உட்கார்ந்து, “ஒங்களுக்குச் சம்மதமா? வேண்டாம்னாலும் வைத்தியத்துல கொறை வைக்க மாட்டேன்” என்று கேட்டார்.

அவர் போன பிறகு தம்பி நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தான். “ராசா ஆண்டப்பக்கூட நம்மகிட்ட யாருக்கா சம்மதம் கேட்டா?”

அவன் பெண்டாட்டி செவந்தி பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. அதனால் துணைக்கு அக்காள் வந்தாள். எழுத்துத் தெரியாதவள் என்பதால் டாக்டர் அவளிடம் ஒரு கிண்ணத்தையும் ஒரு பிடி புளியங்கொட்டையையும் கொடுத்திருந்தார். வாந்தி எடுக்கும்போதெல்லாம் கிண்ணத்தில் ஒரு கொட்டை.

அறுத்த முதல் நாள் மூன்று தடவை எடுத்தான். அவள் கொட்டையை எடுத்தபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். “போடாதக்கா. எம்புட்டு ஆசையாக் குடுத்தாரு. கக்கிட்டேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?”

வெறுங்கிண்ணத்தைப் பார்த்த டாக்டர் வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “எட்டாம் நம்பர் அம்மாவைப் பாத்துக் கத்துக்கங்க. எவ்வளவு நல்லாப் பாத்துக்கறாங்க!” எல்லாக் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்தும் துணைக்கு வந்த பெண்கள் திரும்பினார்கள். பக்கத்துக் கட்டிலில் புருசனுக்குத் துணையிருந்த பொன்னுத்தாய், “எக்கா, மருந்து மாத்திரையில இல்ல, ஒன் கையிலதான் இருக்கு போ” என்றாள். முனியாயியை அதுவரை யாரும் நாலு பேர் முன்னால் மெச்சியதில்லை.

இரண்டாம் நாள் மறுபடி மூன்று தடவை. தம்பி அவளைத் தடுக்கவில்லை. கண்ணை மூடிக் கிடந்தான். கொட்டைகள் அவள் கையிலேயே இருந்தன.

இன்று விடிந்ததும் ஒன்று. பச்சையாக.

டாக்டர் உள்ளே வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். “இன்னைக்கும் இல்லையா!” குனிந்து வயிற்றைத் தொட்டவரின் முகம் மாறியது. “ஏன் இப்படி உப்பியிருக்கு? அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு தடவைகூட எடுக்கலையா?”

பொன்னுத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இல்லைங்கய்யா.”

“வலிக்குதா?”

“இல்லைங்க” என்றான் தம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“அப்பக் காத்தாத்தான் இருக்கணும். சாயங்காலம் வரைக்கும் பாப்போம்.”

சாயங்காலம் வரைக்கும் அவன் இருக்கவில்லை. பகல் இரண்டு மணிக்கு அவளுடைய மடியை இறுகப் பற்றியவன், பிறகு விட்டுவிட்டான்.

டாக்டர் நர்ஸிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். “கொடல் சிக்கியிருந்தா வாந்தி வராம இருக்காதே. ஒரு தடவை எடுத்திருந்தாக்கூடக் காலையிலேயே திரும்பத் தெறந்து பாத்திருப்பேன்.” பிறகு முனியாயியின் எதிரே வந்து நின்று கைகூப்பினார். “மன்னிச்சிருங்கம்மா. நான்தான் எதையோ கவனிக்காம விட்டுட்டேன்.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தரையைக் காலையில் அவள்தான் துடைத்திருந்தாள்.

மறுநாள் காலை, குன்றாண்டார்கோவிலுக்கு மேற்கே அவர்கள் ஊரில், வாசல் பந்தலில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் செவந்தி, மடியில் பிள்ளை. பெண்கள் தோள்மேல் கைபோட்டு வட்டமாக அழுதுகொண்டிருந்தார்கள். வட்டத்துக்குள் முனியாயியும் இருந்தாள். அழுகை வரவில்லை.

“நல்லா இருந்த பய” என்று பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார் சித்தப்பா தங்கமுத்து. “சோதிச்சுப் பாக்க அந்த டாக்டருக்கு நம்ம வீட்டுப் புள்ளைதானா கெடைச்சான்? மாத்திரையைக் குடுத்தே கொன்னுட்டான். காரியம் முடியட்டும், நாலு பேரோட போயி அவனைச் சட்டையைப் புடிச்சுக் கேக்குறேன்.”

அப்போதுதான் பொன்னுத்தாய் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தாள். முனியாயியைக் கட்டிக்கொண்டு அழுதவள், மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்படிச் சொல்லாதீங்க பெரியவரே. மாத்திரை நல்லாத்தான் கேட்டுச்சு. இவுக தம்பி ஒரு தடவைகூட வாந்தி எடுக்கல. நான் பக்கத்துலதான இருந்தேன்? வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்காரருக்கும் அறுக்கறாங்க. அந்த மாத்திரையே போடுங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். நீயே சொல்லுக்கா, கேக்குமா கேக்காதா?”

அழுகை கொஞ்சம் தணிந்தது. எல்லோரும் முனியாயியைப் பார்த்தார்கள். நேற்று வார்டில் பார்த்ததும் இப்படித்தான்.

“ஏழு தடவை” என்றாள்.

“என்னாக்கா?”

“ஏழு தடவை எடுத்தான். கடைசியாப் பச்சையா எடுத்தான். நான்தான் தொடைச்சுத் தொடைச்சு மறைச்சேன். டாக்டரு கேட்டாரு. ரெண்டு தடவை கேட்டாரு. இல்லைன்னுட்டேன்.” பொன்னுத்தாய் பக்கம் திரும்பினாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள போயி அவருகிட்டச் சொல்லிரு பொன்னுத்தாய். இல்ல, நானே வாரேன்.”

“ஏன் ஆத்தா?” என்றார் தங்கமுத்து. அதுவரை கேட்டிராத சின்னக் குரலில். “ஏன் மறைச்ச?”

தம்பி கையைப் பிடித்துக்கொண்டதைச் சொல்லலாம். அவள் வாயைத் திறந்தாள். அது முதல் நாள் கதை மட்டுமே.

“தம்பியை நான் நல்லாப் பாத்துக்கறேன்னு நாலு பேரு முன்னால மெச்சுனாங்க சித்தப்பா” என்றாள்.

அவள் தோள்மேல் கிடந்த கைகள் எப்போது விலகின என்று தெரியவில்லை. பொன்னுத்தாய் எழுந்து பந்தலுக்கு வெளியே போய் நின்றாள்.

செவந்தி மட்டும் நகரவில்லை. புருசன் முகத்தையே பார்த்தபடி கேட்டாள்.

“தண்ணி கேட்டாரா மதினி?”

“கேட்டான்.”

“குடுத்தீங்களா?”

“மாத்திரைக்கு ஒரு மடக்குத் தவிர ஒரு சொட்டுக்கூடக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு.” முனியாயி கையைப் பிசைந்தாள். “குடுக்கல.”

செவந்தி பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டு உள்ளே போனாள். பானை மூடி நகரும் சத்தம் கேட்டது. செம்பில் தண்ணீரோடு வந்து உட்கார்ந்து, விரலை நனைத்து, அவனுடைய காய்ந்த உதட்டில் வைத்தாள். மறுபடி நனைத்து வைத்தாள். உள்ளே போக வழியில்லாத தண்ணீர் கடைவாயில் சற்று நின்று, தாடை வழியே கழுத்தில் இறங்கிப் பாயை நனைத்தது. பிள்ளை அழத் தொடங்கியது. அவள் இன்னொரு தடவை விரலை நனைத்தாள்.