ஆட்டிப் பார்க்காத கொடி

கடலோரக் காட்டுச் சரிவில் குருக்கத்திக் கொடி வாடித் தொங்கியது. முந்தாநாள் வரை வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு மரத்தின் உச்சியையே மூடிப் பூத்திருந்தது. இந்தக் காட்டில் பூக்கும் அளவுக்கு வளர்ந்த குருக்கத்தி இது ஒன்றுதான். விதைக்காகக் காத்திருந்த வன அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அடியில் யாரோ வெட்டியிருந்தார்கள். வேரிலிருந்து துளிர்த்தாலும், மறுபடி உச்சியை எட்டிப் பூக்க வருஷங்கள் ஆகும்.

கூடி நின்ற வேலைக்காரப் பெண்களுக்குப் பின்னால் இருந்த மேஸ்திரி அண்ணாந்து பார்க்கவில்லை. வெட்டியவளே அவள்தான். காட்டை மூடும் களைக்கொடிகளை அழிக்கிற பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. களைக்கொடியும் குருக்கத்தியும் கயிறுபோல முறுக்கிக்கொண்டு மேலேறும், அடிப்பட்டையில் வித்தியாசம் தெரியாது. பிடித்து ஆட்டி, மேலே எந்த இலை அசைகிறது என்று பார்த்த பிறகே வெட்ட வேண்டும். புதிதாக வருபவர்களிடம் இதைத் தொண்டை வறளச் சொல்லுவாள். முந்தாநாள் மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். நமக்குத் தெரியாத கொடியா என்கிற மிதப்பில் ஒரே போடாகப் போட்டாள். தோளில் பூக்கள் உதிர்ந்தபோதுதான் உறைத்தது. தட்டிவிட்டுப் போய், எல்லோரோடும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

“இந்தப் பக்கம் யாரு வேலை செஞ்சது?” என்று கேட்டார் அதிகாரி.

“நான்தான் சார்,” என்றாள் மேஸ்திரியின் நாத்தனார். புருஷன் வீட்டை விட்டு ஒரே ஒரு மாற்றுப்புடவையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள். இந்த வேலைக்கு வரத் தொடங்கிய பிறகுதான் வயிறாரச் சாப்பிடுகிறாள், வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

“ஆட்டிப் பாத்தியா?”

“பாத்துப் பாத்துத்தான் சார் வெட்டினேன். இது எப்படித் தப்பிப்போச்சுன்னு தெரியல.”

“நாளையிலருந்து வர வேணாம்.”

அவள் தலையாட்டினாள். பிறகு அவசரமாக, “அண்ணி நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. அவங்க மேல தப்பில்ல சார்,” என்றாள்.

மேஸ்திரிக்கு உடம்பெல்லாம் கூசியது. எவளாவது தன்னை ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. தன்னை நினைத்தே அருவருப்பாக வந்தது.

நாத்தனார் அருகில் வந்து அரிவாளின் பிடியை முந்தானையால் துடைத்து நீட்டினாள். “அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க அண்ணி. எனக்குப் பயமா இருக்கு.”

மேஸ்திரி அதை வாங்கிக் கீழே வைத்தாள். அதிகாரியைக் கடந்து மரத்தடிக்குப் போனாள். வெட்டுவாய்க்கு மேலே தொங்கிய கொடியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தாள். ஒரு குழந்தைக்கும் தெரியும்படி, மெதுவாக ஆட்டினாள். “இப்படி ஆட்டிப் பாக்காம வெட்டினது நான்தான் சார்,” என்றாள்.

உச்சியில் குருக்கத்தி அசைந்தது. வாடிய பூக்கள் அவள் தலையிலும் தோளிலும் விழுந்தன. இம்முறை அவள் தட்டிவிடவில்லை.